புல்வெளிக்குக் கணக்கில் இடமில்லை

மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது, 2022-ல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. தொடங்கியபோது அந்தப் பரப்பு 24 சதவீதத்தைத் தொடவில்லை. இந்த 33 புதிய எண் கிடையாது. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு காடாகவோ மரப் பரப்பாகவோ இருக்க வேண்டும் என்று 1988-ன் தேசிய வனக் கொள்கையே வகுத்துவிட்டது. அதன் பிறகு ஆட்சிகள் மாறின, எண் மாறவில்லை. தலைவர்களின் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கை என்று எங்கு பார்த்தாலும் எத்தனை மரக்கன்று நட்டோம் என்பதே காலநிலைக்கு நாம் செய்யும் கடமையாகக் காட்டப்படுகிறது. நல்லெண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூமி ஏன் சூடாகிறது, அந்தச் சூட்டை இதுவரை எது ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கிறது என்று கொஞ்சம் ஆராய்ந்தால், மரக்கணக்கை மட்டும் நம்புவது எவ்வளவு பிசகு என்பது புரியும். சில இடங்களில் மரம் நடுவதே கேடு. அதற்கான சான்று நம்முடைய நீலகிரியிலும் பழனி மலையிலும் கண்முன்னே கிடக்கிறது.

அடிப்படை அறிவியல் சிக்கலானதல்ல. வெயிலில் சூடாகும் நிலமும் கடலும் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி வெளியிடுகின்றன. காற்றிலுள்ள நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவை அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இன்றைய 15 டிகிரிக்குப் பதிலாக உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் நிற்கும். ஆகவே பசுங்குடில் வாயுக்களால்தான் உயிர் வாழ்கிறோம். அவற்றின் அளவு கூடுவதுதான் சிக்கல். ஜான் டிண்டால் இந்த வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை 1859-ல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். அவற்றின் அளவு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டார். காலநிலை மாற்றத்தை அண்மைக்கால அரசியல் கற்பனை என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனித்தால் நல்லது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாயின் மௌனா லோவாவில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடாகப் பதிவான முதல் ஆண்டு 2024.

இந்த ஏற்றம் இன்னும் மோசமாகாமல் இருப்பதற்கு நாம் காரணமல்ல. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவே காற்றில் தங்குகிறது. ஏறத்தாழ கால்பங்கைக் கடலும், 30 சதவீதம் அளவுக்கு நிலத்திலுள்ள தாவரங்களும் மண்ணும் உள்வாங்கிக்கொள்கின்றன. கூலி கேட்காமல் நடக்கும் வேலை இது. நிபந்தனை இல்லாமல் நடக்கும் வேலை அல்ல. அமேசானின் தென்கிழக்குப் பகுதி, காட்டழிப்பாலும் வறட்சியாலும் தீயாலும், உறிஞ்சுவதைவிட அதிகக் கார்பனை வெளியிடத் தொடங்கிவிட்டதாக 2021-ல் விமான அளவீடுகள் காட்டின. மரங்கள் அங்கே இன்னும் கோடிக்கணக்கில் நிற்கின்றன; காட்டின் இயக்கம்தான் குலைந்துவிட்டது. மண், பூஞ்சை, வேர், மேயும் விலங்கு, மகரந்தம் சுமக்கும் தேனீ, மழை, பனி, நீரோட்டம் என்று ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடுதான் கார்பனையும் பிடிக்கிறது, குடிநீரையும் தருகிறது. மரம் அந்த ஏற்பாட்டில் ஒரு பங்காளி. எல்லா இடத்திலும் மூத்த பங்காளி என்று சொல்லிவிட முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,700 மீட்டருக்கு மேலே போனால் நிலத்தின் அமைப்பே வேறு. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த சோலைக் காடு. சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. பள்ளத்தின் அடியில் சதுப்பு. குளிர்கால இரவுகளின் உறைபனி புல்வெளியில் மரக்கன்றுகளைப் பிழைக்கவிடாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, நம் மாநில விலங்கான வரையாடு, தோடர்களின் எருமை மந்தை எல்லாமே இந்தப் புல்லை நம்பியவை. ஆனால் வெள்ளைக்கார நிர்வாகத்தின் கண்ணுக்கு, வருவாய் தராத புல்வெளி வெறும் தரிசு. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்திறங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அந்தப் பார்வையைத் திருத்தவில்லை, பெரிதாக்கினோம். ரேயான் ஆலைக்குக் கூழ் வேண்டும் என்று மலை மலையாக நட்டோம். பழனி மலையை 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் கண்டார்கள். அதை விழுங்கியவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும்.

இதனால் என்ன இழந்தோம் என்பதற்கு மிக உறுதியான விடை தண்ணீரில் இருக்கிறது. நீலகிரியின் கிளன்மார்கனில், உதகையிலுள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்தினர் அருகருகே அமைந்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். பத்தாண்டுகள் கொண்ட முதல் சுற்றில் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு ஏறத்தாழ கால்பங்கானது. மழையில்லாத மாதங்களின் நீரோட்டத்தில்தான் அடி பலமாக விழுந்தது. ஆண்டு முழுக்கப் பசுமையாக நின்று, ஆழ வேரோடி, வேகமாக வளரும் மரம் தண்ணீரை எங்கிருந்தோ எடுத்துத்தானே ஆக வேண்டும்? புல்லின் தேவை குறைவு. அதற்கு அடியிலுள்ள கருமண் மழையை வாங்கிவைத்துக் கசியவிடுகிறது. அந்தக் கசிவுதான் ஓடைகளாகிப் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, இரண்டும் கூடும் பவானிசாகரில் நின்று, ஈரோடு வட்டாரத்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், இனி மழை கொட்டித் தீர்க்கும் நாட்களும் வறண்டு கிடக்கும் நாட்களும் கூடும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அப்படிப்பட்ட காலத்தில் கோடையின் கடைசிவரை நீர்விடும் நிலத்தைத் தொலைப்பது, காலநிலையின் பெயரால் செய்தாலும் தொலைப்புதான்.

ஆதியில் எல்லாம் காடாகவே இருந்தது, மனிதன் வெட்டியதால்தான் புல்வெளி வந்தது, ஆகவே மரம் நடுவது பழைய நிலையை மீட்பதே என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் வேறு கதை சொல்கிறது. புல்லும் மரமும் கார்பனின் இரண்டு ஐசோடோப்புகளை வெவ்வேறு விகிதத்தில் எடுத்துக்கொள்வதால், மண் அடுக்குகளைப் பார்த்து எந்தக் காலத்தில் எது மிகுந்திருந்தது என்று சொல்ல முடியும். ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, சுமார் இருபதாயிரம் ஆண்டுகளாக அங்கே புல்லும் சோலையும் மழைக்கும் குளிருக்கும் ஏற்ப மாறிமாறி விரிந்து சுருங்கி வந்ததைக் காட்டியது. கோடரி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது. தண்ணீர் குறையட்டும், மரம் கார்பனை அதிகம் சேர்க்குமே என்பது. சேர்க்கும்தான். தரைக்கு மேலே தெரியும் கார்பனை மட்டும் எடைபோட்டால், கற்பூர மரத்திடம் புல் தோற்றுவிடும். ஆனால் அந்த மரம் கூழாகி, காகிதமோ துணியோ ஆகி, சில ஆண்டுகளில் குப்பையிலும் அடுப்பிலும் முடிகிறது. கார்பன் வந்த வழியே போகிறது. எண்ணெய்ப் பசை நிறைந்த தோப்பில் தீப்பிடித்தால் ஒரே நாளில் போகிறது. புல்வெளியின் கார்பனோ பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தாலும் வேர் தழைக்கிறது. உலகக் கணக்கிலும், காற்றிலும் தாவரங்களிலும் சேர்த்து இருப்பதைவிட அதிகக் கார்பன் மண்ணில்தான் உள்ளது. அளவையும் பார்க்க வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து மட்டும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. பல கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் புதைந்திருந்த கார்பன் அது. அதை நாற்பது, ஐம்பது ஆண்டு வாழும் மரங்களில் ஏற்றிவைத்துச் சரிக்கட்டலாம் என்பது, அணையைத் திறந்துவிட்டுக் கரையோரம் நின்று குடத்தில் அள்ளுவதைப் போன்றது.

சாமானியர்கள் மட்டும் இதில் ஏமாறவில்லை. சூரிக்கில் ஓர் ஆய்வுக்குழு 2019-ல் சயன்ஸ் இதழில், உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரங்களை வளர்க்கலாம், அவை 20,500 கோடி டன் கார்பனைச் சேர்க்கும் என்று எழுதியது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சில மாதங்களில் டாவோஸில் லட்சம் கோடி மரத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இயற்கையான புல்வெளிகளையும் சவானாக்களையும் காலி மனைபோல் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், மதிப்பீடு பல மடங்கு ஊதப்பட்டது என்று அதே இதழில் பல நாட்டு அறிவியலாளர்கள் மறுத்தார்கள். காலநிலைக்கு மரவளர்ப்பே ஆகச் சிறந்த தீர்வு என்ற தொனியை ஆய்வாளர்களே பின்னர் திருத்திக்கொண்டார்கள். அந்தத் திருத்தத்துக்கு யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

அப்படியானால் மரமே நடக் கூடாதா என்று கேட்கலாம். நடலாம், நட வேண்டும். வெயில் கொதிக்கும் சென்னை, மதுரைத் தெருக்களில் நிழல் உயிர்காக்கும். வரப்போரம், குளக்கரை, வெட்டப்பட்டு மொட்டையான காடு, அலையாத்தி அழிந்த கழிமுகம் எல்லாம் மரத்துக்குரிய இடங்களே. எந்த மரம், எந்த மண்ணில் என்பதே கேள்வி. சீமைக் கருவேலம் வறண்ட மாவட்டங்களைப் பசுமையாக்கிய கதையைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமி சூடாகி உறைபனி குறைந்தால் மரங்கள் தாமே புல்வெளியில் ஏறிவிடுமே, எதற்கு வீண்போராட்டம் என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏறுவது சோலை மரங்களாக இருந்தால் அதை இயற்கையின் போக்கென்று விட்டுவிடலாம். ஆனால் முந்திக்கொண்டு ஏறுவது சீகை. மலையுச்சியில் வாழும் உயிர்களுக்கு அதற்கும் மேலே போக மலை கிடையாது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகளே இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே அவற்றுக்கு வேறு இடமில்லை.

ஆக, முதலில் மாற வேண்டியது கணக்கெடுக்கும் முறை. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கிளை விரிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் காடு என்று இந்திய வன அளவை நிறுவனம் பதிவு செய்கிறது. எந்த மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. சீகைத் தோப்பு காடாகிவிடும். பல்லாயிரம் ஆண்டுப் புல்வெளி காடாகாது. விசித்திரம் என்னவென்றால், சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வன அதிகாரி, ஏட்டின்படி காட்டைக் குறைத்தவர் ஆகிறார். பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளுக்கும் இந்த ஏட்டில் இடமில்லை. அங்கே ஒரு மரமும் கிடையாது. ஆயினும் அந்தப் படுகைகள் கடலடிச் சேற்றில் கார்பனைப் புதைக்கின்றன, மீன்குஞ்சுகளை வளர்க்கின்றன, ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு உணவாகின்றன. 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது தமிழக அரசு எடுத்த நல்ல முடிவு. அதே ஆண்டில் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையும் வந்தது. ஒரு கையில் அந்தக் கொள்கை, மறு கையில் 33 சதவீத இலக்கு. இரண்டும் மலையுச்சியில் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்று அரசு இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் ஆண்டறிக்கையில் மரக்கன்றுகளோடு புல்வெளி, சதுப்பு, கடற்புல் ஆகியவற்றின் பரப்பும், மலை ஓடைகளின் ஏப்ரல், மே மாத நீரளவும் இடம்பெற்றால் அந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

சீகையை வெட்டுவதும் எளிய வேலை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும், தீ பட்டதும் மொத்தமாக முளைத்துக் கிளம்பும். ஒரே மூச்சில் வெட்டிய சரிவுகள் இரண்டே மழையில் முன்பைவிட அடர்த்தியான சீகைப் புதராவதும், மண் சரிந்து ஓடையில் இறங்குவதும் நடக்கக்கூடியவை. பழந்தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. அங்கே வெட்டாமல் விடுவதே புத்திசாலித்தனம். ஆகவே வெட்டிய மரத்தை ஆலைக்கு விற்றுக் கணக்கை முடிக்கும் ஓராண்டு ஒப்பந்தம் இதற்குப் பொருந்தாது. துண்டு துண்டாக அகற்றி, உள்ளூர்ப் புல்லை நாற்றாக வளர்த்து நட்டு, முளைக்கும் சீகையை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஆட்கூலி ஒதுக்க வேண்டும். அந்த வேலையைத் தோடர், கோத்தர் உள்ளிட்ட மலைவாழ் மக்களுக்கு நிரந்தர வருமானமாகத் தரலாம். மரம் நடும் விழாக்களுக்கு நிதி கிடைப்பதுபோல் களை பிடுங்கும் பதினைந்தாவது ஆண்டுக்கும் நிதி கிடைக்குமா என்பதை வரும் நிதிநிலை அறிக்கைகளில்தான் பார்க்க வேண்டும்.