ஒரு அறை, ஒரு மைக், ஒரு பொய்

"பாட்டு நல்லா இருந்தா போதும் சார், வீடியோவெல்லாம் எதுக்கு? ஒரு ரூம், ஒரு மைக், பாடுறவன் முகம். அதுதான் நிஜமான கலை." இசையைப் பற்றிப் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் இந்த வசனம் வந்துவிடுகிறது. பாலைவனத்தில் இருநூறு பேரை ஆடவிட்டு எடுத்தால் அது விளம்பரமாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் பாடினால் அது ஆத்மார்த்தமாம். மினுக்கினால் பொய், மினுக்காவிட்டால் மெய். மெய்யையும் பொய்யையும் இவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியுமென்றால் நாட்டில் கோர்ட்டுகளை இழுத்து மூடிவிடலாம்.

எளிமையாகத் தெரியும் இசைக் காணொளியும் விளம்பரம்தான். சொல்லப்போனால் ஆடம்பரக் காணொளியைவிடக் கெட்டிக்கார விளம்பரம். இருநூறு பேர் ஆடுவதைப் பார்க்கிறவருக்குத் தன்னிடம் ஏதோ விற்கப்படுகிறது என்பது தெரியும். பிடித்தால் வாங்குவார், இல்லாவிட்டால் நகர்வார். அறைக்குள் கண்மூடிப் பாடுகிறவரைப் பார்க்கும்போது அந்த உஷார் நமக்கு வருவதில்லை. கடை இருப்பதே தெரியாமல் வாங்கிவிடுகிறோம்.

கோல்ட்ப்ளே குழுவின் 'யெல்லோ' 2000-இல் வந்தது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஸ்டட்லண்ட் பே என்ற கடற்கரை. மழையில் ஊறிய கோட்டு, கலைந்த தலை, ஈர மணல். பாடகர் கிறிஸ் மார்ட்டின் கேமராவைப் பார்த்துப் பாடிக்கொண்டே நடக்கிறார். கடைசிவரை வெட்டே இல்லாத ஒரே ஷாட். செட் இல்லை, நடனம் இல்லை, குழுவின் மற்ற மூவர்கூட இல்லை. 'ஒரு அறை, ஒரு மைக்' கட்சிக்காரர்கள் இதைவிட நல்ல சாட்சியைத் தேட வேண்டியதில்லை.

இப்போது அந்த நடையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கால் மெதுவாக எழுகிறது. கோட்டு மெதுவாக அசைகிறது. பின்னால் அலையும் மெதுவாகத்தான் புரள்கிறது. உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாகப் பொருந்தி ஓடுகிறது. உடம்பு ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போகிற மனிதர் உலகத்தில் கிடையாது. நொடிக்கு 50 ஃப்ரேம் வீதம் எடுத்து, 25 ஃப்ரேம் வீதம் ஓட்டிய படம் அது. அதற்காகப் பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வாயசைத்தார் மார்ட்டின். அன்று அந்தக் கரையோரம் யாராவது நாயோடு நடைப்பயிற்சிக்கு வந்திருந்தால், பதறியடித்து ஓடும் ஒரு பாட்டையும் அதைத் துரத்திப் பிடிக்க முயலும் ஒரு வாயையும்தான் பார்த்திருப்பார். காதல் ஏக்கமெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

கோடம்பாக்கத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியில் பாட்டை வேகமாக ஓடவிட்டு, 48 ஃப்ரேமில் எடுத்து, ஹீரோ ஸ்லோமோஷனில் நடந்தபடியே சரியாக வாயசைப்பது இங்கே பல காலமாக நடக்கிற வேலை. இங்கே செய்தால் 'சினிமாத்தனம்' என்று உதட்டைப் பிதுக்குகிறோம். டார்செட் கரையில் செய்தால் எதார்த்தம்!

மற்ற மூவரும் இல்லாமல் போனது மட்டும் திட்டமல்ல. அன்றைக்கு டிரம்ஸ் வாசிக்கும் வில் சாம்பியனின் தாயாருக்கு இறுதிச் சடங்கு. வானிலையும் சேர்ந்து கெடுத்தது. அந்தத் தனிமை தற்செயல், மறுக்கவில்லை. ஆனால் தற்செயலாகக் கிடைத்த தனிமையை மெதுவாக்கி, நாலரை நிமிடம் ஒரே முகத்தின்மேல் கண்ணை நிறுத்திவைத்தது தொழில் தெரிந்தவர்களின் வேலை. பலன் என்ன? நால்வர் சேர்ந்து போட்ட பாட்டில் உலகத்துக்கு முதலில் அறிமுகமான முகம் ஒன்றே ஒன்று.

'அப்படியானால் சினேட் ஓ'கானரின் கண்ணீர்?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1990-இல் வந்த 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' காணொளியில் அந்த அயர்லாந்துப் பாடகியின் கன்னத்தில் கண்ணீர் வழியும். இறந்துபோன தாயை நினைத்து வந்த கண்ணீர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைச் சந்தேகிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரனல்ல. ஆனால் ஜான் மேபரி இயக்கிய அந்தக் காணொளியில் பாரிஸின் சான் க்ளூ பூங்காவில் அவர் நடக்கிற காட்சிகளும் எடுக்கப்பட்டன. முகத்தின் நெருக்கக் காட்சி ஒரு பகுதியாக இருக்க வேண்டியது. கண்ணீர் கிடைத்த பிறகு ஏறத்தாழ மொத்தப் பாட்டும் முகத்துக்கே போயிற்று. ஒட்ட வெட்டிய தலை, கறுப்பு உடை, இருட்டான பின்னணி. பார்க்கிறவர் கண் ஓடி ஒளிய ஒரு மூலையில்லை. கண்ணீர் அவருடையது, அந்தச் சட்டகம் மேபரியுடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் காணொளி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டை எழுதியவர் பிரின்ஸ். 'தி ஃபேமிலி' என்ற குழு 1985-லேயே அதைத் தன் ஆல்பத்தில் வெளியிட்டது. யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1985-லும் அது நல்ல பாட்டுதானே? பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்கிறவர்கள் இந்த ஐந்து வருட மௌனத்துக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஓ'கானரின் குரல் அபாரம், அது ஒரு காரணம். அந்த முகம் இன்னொரு காரணம். இன்றுவரை அந்தப் பாட்டை அவரே எழுதினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். முகத்தைப் பார்த்த கண் பெயரைத் தேடுவதில்லை.

நார்வேயின் 'ஆ-ஹா' குழுவுக்கும் இதே கதைதான். 'டேக் ஆன் மீ' 1984-இல் ஒரு சாதாரணக் காணொளியோடு வந்து படுத்துவிட்டது. பாட்டை மறுபடி பதிவுசெய்தார்கள். அத்தோடு ஸ்டீவ் பேரன் இயக்கத்தில், நடிகர்களை எடுத்த படத்தின்மேல் சுமார் 3,000 ஃப்ரேம்களைப் பென்சிலால் வரைந்து, 16 வாரம் மெனக்கெட்டு புதிய காணொளி செய்தார்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். புதிய ஒலிப்பதிவுக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பென்சில் கோட்டை மறந்துவிட்டு அந்தப் பாட்டை நினைக்க முடிகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இசைக் காணொளி பிறந்ததே விற்பதற்குத்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குயீன் குழு 1975-இல் 'பொஹீமியன் ராப்சடி'க்குப் படம் எடுத்தது, பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையில் நின்று வாயசைக்கும் சங்கடத்திலிருந்து தப்பிக்க. 1981-இல் எம்டிவி தொடங்கியபோது இசை நிறுவனங்கள் காணொளிகளை அதற்கு இலவசமாகவே கொடுத்தன. இசைத்தட்டு விற்றால் போதுமே. விற்பனையை விற்பனை என்று ஒப்புக்கொண்டு செய்த காலம் அது. மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' பாட்டுக்குக் கிட்டத்தட்ட 14 நிமிடப் பேய்ப்படம் எடுத்தபோது, பேய் நிஜம் என்று யாரும் ஏமாறவில்லை.

ஏமாந்தது 2011 நவம்பரில். 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தது நவம்பர் 16. பாட்டின் கச்சா வடிவம் முன்பே இணையத்தில் கசிந்துவிட, சோனி மியூசிக் இந்தக் காணொளியை வெளியிட்டது. ஸ்டுடியோ, மைக், ஹெட்போன், சாதாரண உடையில் தனுஷ், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நாலு பேர். 'எந்தப் பிரமோஷனும் இல்லாம, சும்மா நாலு ஃப்ரெண்ட்ஸ் உட்கார்ந்து பாடினது, உலகம் பூரா போயிடுச்சு பாருங்க' என்று அன்று பேசாத வாயில்லை. நாலு நண்பர்கள் யார்? அந்த ஆண்டுதான் 'ஆடுகளம்' படத்துக்காகத் தேசிய விருது அறிவிக்கப்பட்ட நடிகர். ரஜினிகாந்தின் மகளும் அந்தப் பாட்டு இடம்பெற்ற படத்தின் இயக்குநருமான ஐஸ்வர்யா. கமல்ஹாசனின் மகள் ஸ்ருதி. ரஜினி குடும்பத்துக்கு உறவான இளம் இசையமைப்பாளர் அனிருத். தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய வீடுகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த காணொளிக்கு 'எளிமை' என்று பெயர் வாங்கிக்கொடுத்தது யார்? அந்த ஹெட்போன்தான், அந்தச் சாதாரணச் சட்டைதான். பாட்டு துள்ளலான பாட்டு, அனிருத் கைகாரர், அதில் சண்டையில்லை. பிரமோஷன் இல்லை என்கிற கதையோடுதான் என் சண்டை. அந்தக் கதையே பிரமோஷன்.

ஸ்டுடியோ காணொளி எதையாவது எடுத்து நீங்களே சோதிக்கலாம். பாடுகிறவர் மைக்கிலிருந்து முகத்தை ஒரு சாண் விலக்கும்போது குரல் கம்முகிறதா? கம்மாது. ஸ்டாண்டில் கை பட்டால் 'டொக்' என்று கேட்கிறதா? கேட்காது. முன்னாலிருந்து ஒரு கோணம், உடனே பின்னாலிருந்து ஒரு கோணம். முதல் கேமராவைப் பிடித்திருந்தவர் எங்கே போனார்? நாம் கேட்பது பெரும்பாலும் முன்பே பாடி, திருத்தி, கலந்து முடித்த ஒலி. பார்ப்பது அதற்கு வாயசைத்து நடித்த காட்சி. தொடக்கத்தில் வரும் அசட்டுச் சிரிப்பு, நடுவில் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்குவது, கேமராவின் மெல்லிய நடுக்கம் எல்லாம் எடிட்டர் வேண்டுமென்றே விட்டுவைத்தவை. வெட்டத் தெரியாமல் விட்டதல்ல.

குளிர்பான நிறுவனம் ஒன்று 2008-இல் பாகிஸ்தானில் தொடங்கிய கோக் ஸ்டுடியோ இதைப் பெரிய தொழிலாகவே ஆக்கியது. ஒயர் தெரியும், மைக் தெரியும், வாசிக்கிறவர் வியர்வை தெரியும், சுற்றிலும் அந்தக் கம்பெனியின் சிவப்பு வெளிச்சமும் தெரியும். அருமையான இசை, எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு 'இதுதான்யா விளம்பரக் கலப்பில்லாத இசை' என்று ஒருவர் உருகும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

சரி, ஏமாந்தால் என்ன, யாருக்கு நஷ்டம்? இரண்டு தரப்புக்கு நஷ்டம்.

முதல் தரப்பு, சொந்தமாகப் பாட்டுப் போட்டு வெளியிடுகிற நம் பிள்ளைகள். 'திறமை இருந்தால் போன் கேமரா போதும்' என்று அவர்களுக்கு ஓதுகிறோம். அவர்களும் நம்பி, ட்யூப்லைட் வெளிச்சத்தில், மின்விசிறி இரைச்சலோடு பாடிப் போடுகிறார்கள். நானூறு பேர் பார்க்கிறார்கள். பாட்டு சரியில்லை போல என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள் போட்டியிடுவது இன்னொரு ட்யூப்லைட்டோடு அல்ல. ட்யூப்லைட் போலத் தெரியும்படி செலவு செய்து அமைத்த வெளிச்சத்தோடு. இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இரண்டாம் தரப்பு, சட்டகத்துக்கு வெளியே நிற்கிறவர்கள். 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி'யை யூடியூபில் நூறு கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நினைவில் நிற்பது சாய் பல்லவியின் ஆட்டம். பெண்குரலுக்குச் சொந்தக்காரர் தீ என்ற பாடகி என்பது எத்தனை பேருக்கு உடனே நினைவுக்கு வரும்? சினிமாப் பாட்டில் அது பழகிப்போன அநியாயம், யாரும் கேட்பதில்லை. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது அதே தீ முகத்தோடு வந்தார். பாட்டை எழுதிச் சேர்ந்து பாடிய அறிவும் முகத்தோடு வந்தார். அமித் கிருஷ்ணன் இயக்கிய அந்தக் காணொளியில் எளிமை வேஷமே கிடையாது. உடை, அணிகலன், நிறம், நிலம் எல்லாம் திட்டமிட்டு அலங்கரித்தவை, அது வெளிப்படையாகவே தெரியும். ஆனால் அந்த அலங்காரம் பாடிய இருவரையும் சமமாக முன்னால் நிறுத்தியது.

அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. உடனே இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். பிறகு அதே இதழ் அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. கேள்வி கேட்க மக்களால் எப்படி முடிந்தது? அவரைக் காணொளியில் பார்த்திருந்தார்கள். அலங்காரம் நிறைந்த அந்தக் காணொளி கொடுத்த சாட்சியத்தை எந்த 'ஒரு அறை, ஒரு மைக்' காணொளியும் கொடுத்திருக்காது. அதில் ஒரு முகத்துக்குத்தானே இடம்?

அதனால் ஒரு காணொளி நேர்மையானதா என்று பார்க்க, அதில் எத்தனை விளக்கு எரிந்தது என்று எண்ணுவது வீண். வேலை செய்தவர்களை அது காட்டுகிறதா, அவர்கள் பெயரைச் சொல்கிறதா என்று பாருங்கள். படமே காட்ட முடியாத இலங்கை வானொலி, பாட்டு போடும் முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழலவிட்டது. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் சொல்லிச் சொல்லியே தமிழ்நாட்டில் பலர் பாடலாசிரியர்களைத் தெரிந்துகொண்டார்கள். இன்றைக்குத் திரை முழுக்க இடமிருக்கிறது. எழுதியவர், வாசித்தவர், ஒலிப்பதிவாளர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயர்களைக் காணொளியின் உள்ளேயே, படிக்கும் அளவுக்கு நேரம் நிறுத்திப் போட இசை நிறுவனங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. யாரும் கேட்காததால் போடாமலிருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு பாட்டு பிடித்துப்போனால் 'சூப்பர்' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், இதை எழுதியது யார், படம் பிடித்தது யார் என்று கேட்டு எழுதுங்கள்.