தோட்டக் குழாயும் எக்காளமும்

பித்தளை வாத்தியம் என்றவுடன் பளபளக்கும் உலோகமும் பெரும்பொருட் செலவுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. ஆயின் அவ்வாத்தியத்தின் உயிர் பித்தளையில் இல்லை. ஊதுவோன் இதழ்களின் அதிர்ச்சியும், குழலுள் அடைபட்ட காற்றுமே நாதத்தைப் பிறப்பிக்கின்றன. நம் நாட்டுச் சங்கு இதற்குச் சான்று.

மேனாட்டு வரலாறும் இதனையே வலியுறுத்தும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு தேசத்தில் தோன்றிய ‘செர்பென்ட்’ என்னும் பாம்பு வடிவக் குழல், மரத்தை இரு பாதியாகக் குடைந்து ஒட்டி, மேலே தோல் போர்த்துச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள அது 19ஆம் நூற்றாண்டிலும் ஆலயங்களிலும் படைகளிலும் முழங்கிற்று. 1956ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் டென்னிஸ் பிரெய்ன் என்னும் கொம்பிசை வல்லுநர், லியோபோல்டு மோசார்ட்டு ஆல்ப்ஸ் மலைக் கொம்புக்கென இயற்றிய இசையை, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயில் வாசித்துக் காட்டினார். அது நகைச்சுவை விழாவேயாயினும், அதனுள் ஓர் உண்மை பொதிந்திருந்தது.

நிற்க. இத்தகைய எக்காளம் செய்யும் வகை எளிதே. சுமார் 5 அடிக் குழாயின் ஒரு முனையில் ஊதுவாயையும் மறுமுனையில் புனலையும் பொருத்துதல் வேண்டும். குழாய் நீளுந்தோறும் சுருதி தாழும், குறுகுந்தோறும் உயரும். இதழால் அடைபட்ட நேர்க்குழல் தனித்து நின்றால் ஒற்றைப்படை மேற்சுரங்களையே தரும். புனல் கீழ்ச்சுரங்களை உயர்த்த, ஊதுவாய் மேற்சுரங்களைத் தாழ்த்த, 2, 3, 4 என்னும் சுரவரிசை ஏறக்குறைய நிரம்புகின்றது.

இவை சிறார் விளையாட்டு, கல்லூரிக்கு அடாதவை என்பாரும் உளர். ரப்பர்க் குழாயின் நாதம், கைதேர்ந்த கம்மியன் ஆக்கிய கொம்பின் நாதத்துக்கு ஈடாகாது என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் பித்தளைத் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்து, வளைக்குங்கால் நசுங்காவண்ணம் குழலுள் ஈயத்தையோ கீலையோ உருக்கி வார்த்து, வளைத்தபின் அதனை மீண்டும் உருக்கி வடித்த பழைய கம்மியரின் அருமையை உள்ளவாறு உணர்பவன் யாவன்? தன் கையால் ஒரு குழலையேனும் செய்து பார்த்தவனே.

ஒலிநூலை ஏட்டிலே பயின்று, தேர்விலே எழுதி, பின்னர் மறப்பதனால் வரும் பயன் சிறிது. வாத்தியம் வாங்கப் பொருளில்லா மாணாக்கன் இசையினின்று விலகி நிற்பதோ பேரிழப்பு. சில அடிக் குழாயால் இவ்விரு குறையும் ஓரளவேனும் தீருமாயின், கல்லூரி ஆய்வுக்கூடங்கள் அதற்கு இடந்தருதலே தகும் என்பது நம் துணிபு. அங்கு எழும் ஓசை அயலறையிலுள்ளார்க்கு இன்னாதாகலாம். கற்கும் ஓசையென்று அவர்கள் பொறுத்தருள்வாராக.