காத்திருந்தால் வாக்கு திரும்புமா?

தோற்ற கட்சி ஐந்தாண்டு பொறுத்திருந்தால் போதும், ஆளுங்கட்சி மீதான வெறுப்பே இழந்த வாக்குகளைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது தமிழகத்தில் பரவலான கருத்து. செஞ்சி சட்டமன்றத் தொகுதியின் வரலாறு அதற்கு நேர்மாறானது.

மாநிலத்தில் வீசும் அலையே தொகுதியையும் தீர்மானிக்கும் என்பது இக்கருத்தின் அடிப்படை. 1977, 1980 தேர்தல்களில் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தார், செஞ்சியில் வென்றவர் தி.மு.க.வின் ந. இராமச்சந்திரன். 2016-இல் ஆட்சி அ.தி.மு.க.விடமே நீடித்தது, செஞ்சி தி.மு.க.வுக்குப் போனது.

வெறுப்பு வாதம் 1989-இல் அறவே பொருந்தாது. இந்திரா காந்தி கொலைக்குப் பின் நடந்த 1984 தேர்தலில் தி.மு.க. செஞ்சியைக் காங்கிரஸிடம் பறிகொடுத்தது. 1989-இல் மீட்டபோது மாநிலத்தில் ஓராண்டாகக் குடியரசுத் தலைவர் ஆட்சி. வெறுப்பதற்கு ஆளுங்கட்சியே இல்லை. எதிரணிதான் அ.தி.மு.க.வின் ஜெயலலிதா அணி, ஜானகி அணி, காங்கிரஸ் என மூன்றாகச் சிதறிக் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு வாக்கிலேயே தி.மு.க. 150 இடங்களைப் பிடித்தது. சிதறியவர்கள் 1991-இல் ஒன்றுசேர்ந்தனர். ராஜீவ் காந்தி கொலையின் அனுதாபமும் சேர, தி.மு.க.வுக்கு மிஞ்சியவை இரண்டே இடங்கள். செஞ்சி மீண்டும் காங்கிரஸுக்கு.

1996-இல் ஜெயலலிதா ஆட்சி மீது கடும் வெறுப்பு இருந்தது உண்மை. ஆனால் காங்கிரஸை உடைத்து வெளியேறிய மூப்பனாரின் த.மா.கா.வோடு தி.மு.க. கூட்டணி வைத்திராவிட்டால், எதிர்ப்பு வாக்குகள் பிரிந்திருக்கும். செல்வாக்குள்ள ஆள் போனால் வாக்கும் போகும் என்ற பேச்சும் அப்போதே பொய்த்தது. வைகோவோடு இராமச்சந்திரன் ம.தி.மு.க.வுக்குப் போய்விட்டிருந்தார், செஞ்சி வாக்கு உதயசூரியனோடே நின்றது.

வன்னியர் மிகுந்த பகுதியில் சாதிக் கணக்கே முடிவு செய்யும் என்பதும் அரைகுறை உண்மை. 2011-இல் தி.மு.க. கூட்டணியில் இங்கே வென்ற பா.ம.க., 2016-இல் தனித்து நின்று தொகுதியை இழந்தது. வென்ற கே.எஸ். மஸ்தான் இஸ்லாமியர், செஞ்சி பேரூராட்சித் தலைவராக நீண்டகாலம் இருந்தவர். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை என்று மனுவோடு வருபவர்களை ஆண்டுக்கணக்கில் சந்திக்க வேண்டிய பதவி அது. அந்த அறிமுகத்துக்கு ஈடாக எந்தக் காத்திருப்பும் இல்லை. 2021-இல் அ.தி.மு.க. கூட்டணியின் பா.ம.க. வேட்பாளரை அவர் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார்.

காத்திருப்பு அ.தி.மு.க.வுக்கும் கைகொடுக்கவில்லை. அது செஞ்சியை வென்றது 2001-இல். 2011-இல் தே.மு.தி.க.வுக்கும் 2021-இல் பா.ம.க.வுக்கும் தொகுதியை விட்டுக்கொடுத்தது. மாநிலமெங்கும் தி.மு.க. எதிர்ப்பு உச்சத்திலிருந்த 2011-இல்கூட அ.தி.மு.க. அணிக்குச் செஞ்சி கிடைக்கவில்லை.