கச்சான் காற்று கடந்து வரும் நிலம்

ஆனி பிறந்துவிட்டால் பாலமுனையில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். முற்றத்து மணல் சுடும், உதடு வெடிக்கும், கிணற்றில் நீர் கீழிறங்கும். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமிழந்து சரிவில் இறங்கி, வெப்பத்தைச் சுமந்து வரும் காற்று அது. நம் கரையைத் தொடுமுன் அக்காற்று கடந்து வரும் நிலம் எத்தகையது என்பதை நம்மவரிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வாரம் அந்நிலத்தைப் பற்றி நேயர்களுடன் சிறிது உரையாட விரும்புகிறோம்.

'சவன்னா' என்றதும் ஆபிரிக்காவும், சிங்கமும், வரிக்குதிரையுமே நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றும். பூமிசாத்திரப் புத்தகம் அவ்வாறு பழக்கிவிட்டது. ஆனால் ஆளுயரப் புல்லும், இடைவெளி விட்டு நிற்கும் குட்டை மரங்களும் கொண்ட அத்தகைய நிலம் நமது அம்பாறை மாவட்டத்தின் மேற்கெல்லையிலேயே இருக்கின்றது. கல்லோயாத் தேசிய வனத்திலும், அதற்கப்பால் மொனராகலை மாவட்டத்து நில்கலைக் காட்டிலும் அதனைக் காணலாம். தாழ்நிலத்தில் உள்ள இத்தகைய புல்வெளியைச் சிங்கள மக்கள் 'தமன' என்பர். அதே பெயரில் ஒரு பிரிவு நமக்கு அயலிலேயே உண்டு. காட்டு இலாகாவைச் சேர்ந்த ஹோம்ஸ் என்பவர் 1951 ஆம் ஆண்டில் இலங்கையின் புல்நிலங்களை ஆராய்ந்து வகைப்படுத்திய பொழுது, இப்பெயரையே தம் நூலிலும் கையாண்டார்.

அங்கே புல்லென்றால் பெரும்பாலும் மானாப்புல். கசக்கினால் மணம் வீசும். மரங்களுள் முதன்மையானவை கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றுமாம். வேங்கையும் உண்டு. முதல் மூன்றையும் சேர்த்தால் திரிபலை. வயிறு சரியில்லை என்றால் உம்மம்மாமார் இடித்துக் கொடுக்கும் கடுக்காய்த் தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நாட்டு மருந்துக் கடையைத்தான் காட்டுவோம். கடைக்கு வருமுன் அது நின்ற இடம் இத்தகைய புல்வெளி. வைத்தியத்தில் வல்லவனாகப் போற்றப்படும் புத்ததாச மன்னன் நில்கலையில் மூலிகை வனம் வைத்திருந்தான் என்ற கர்ண பரம்பரைக் கதையும் வழங்கி வருகின்றது.

இம்மரங்கள் மட்டும் ஏன் அங்கே நிலைத்தன? விடை நெருப்பில் இருக்கின்றது. கச்சான் காலத்தில் காய்ந்த மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தாற் போதும். குன்று முழுவதும் எரியும். மெல்லிய பட்டையுடைய காட்டு மரங்கள் அதில் மாண்டுபோகும். கடுக்காய்க்கும் நெல்லிக்கும் தடித்த பட்டை. உள்ளிருக்கும் உயிர் வேகாது. புல்லின் முளையோ மண்ணோடு ஒட்டி இருப்பதால், கருகிய சில நாட்களிலேயே பசுந்துளிர் காட்டும். தீயைத் தாங்குபவை தங்கின, தாங்காதவை ஒதுங்கின.

அந்தப் பொறியை வைத்தவர் யார் என்பதே சுவையான வினா. மின்னலாலும் தீ மூளலாம். எனினும் இந்நாட்டில் இடி மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவது. கச்சான் காலத்துத் தீ ஏறக்குறைய முற்றிலும் மனிதன் கைவேலையே. வேட்டைக்காரன் மானை வரவழைக்கத் தீ வைத்தான். பட்டிக்காரன் மாட்டுக்குத் துளிர் வேண்டித் தீ வைத்தான். சேனைக்காரன் காட்டை எரித்துப் பயிரிட்டு, மண் சோர்ந்ததும் விட்டுப் போனான். ஆகவே இது இயற்கை அமைத்த வெளியா, மனிதன் ஆக்கிய வெளியா என்று அறிஞர் வாதிட்டு வந்துள்ளனர். மண் ஆழமற்றுக் கல் நிறைந்த சரிவுகளில் இயற்கையின் பங்கும், பழைய சேனை நிலங்களில் மனிதன் பங்கும் மிகுதி என்பது நம் எண்ணம். அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் புல்வெளிகளை முறைப்படி எரித்துப் பேணி வந்தவர்களே. பண்டைத் தமிழரும் ஆநிரை மேயும் காட்டை முல்லை எனத் தனித் திணையாகவே வகுத்தனர். மேய்ச்சலுக்கு உதவும் காட்டைப் 'பாழ்' என்று அவர்கள் எண்ணவில்லை.

இந்நிலத்தின் மூத்த குடிகள் வேடர். செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வேடரைப் பற்றி வெளியிட்ட பெருநூலில், இப்பகுதியைச் சேர்ந்த ஹெனபெத்தை, தனிகலை வேடர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். இரத்துகலையில் இன்றும் வேடர் வழியினர் வாழ்கின்றனர். வேடருக்குப் பின்னர் அவ்வழியே நடந்தவர்களுள் நம்மவர்களும் இருந்தனர். தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் சீலையும் ஏற்றிக்கொண்டு மேற்கே சென்ற முஸ்லிம் வணிகர், பாக்கும் தேனும் மெழுகும் கொண்டு மீண்டனர். வெல்லஸ்ஸையில் குடியமர்ந்த முஸ்லிம்களும் உண்டு. 1817 ஆம் ஆண்டில் பிரித்தானியர் அவர்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்தமை, ஊவாக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

அக்கிளர்ச்சியை 1818 ஆம் ஆண்டில் அடக்கிய விதம் கொடிது. வீடுகளும் நெல்லும் தீக்கிரையாயின, கால்நடைகள் கொல்லப்பட்டன, மக்கள் சிதறினர். சுமார் முப்பது ஆண்டுகளின் பின்னர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கில வேட்டைக்காரர் மட்டக்களப்பின் மேற்கிலிருந்த புல்வெளிகளுக்கு வந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் ஏரியைத் தேடிப் புகழ் பெற்ற பேக்கரே இவர். புல்லும் மரமும் அழகுற அமைந்த அவ்வெளியைப் 'பூங்கா நாடு' என்று அவர் வியந்தார். பூங்காவைக் கண்டவர் தோட்டக்காரனைத் தேடவில்லை போலும்! வேடன் வைத்த தீயும், பட்டி மேய்ந்த மேய்ச்சலும், ஆளற்றுப் போன வயலும் அவ்வழகில் கலந்திருந்தன.

1949 ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. நாம் பட்டிப்பளை ஆறு என்றழைக்கும் நதிக்கு இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமொன்று அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. வேடரின் வேட்டை நிலத்திலும் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. 1954 ஆம் ஆண்டில் சூழவிருந்த காடு தேசிய வனமாயிற்று. வர்ணக் கவுதாரி போன்ற அரிய பறவைகள் மேற்கே நில்கலைப் புல்லில் இன்றும் வாழ்கின்றன. திட்டத்தால் நெல் பெருகியது உண்மை. அதனை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் இருபோகம் விளையும் வயலில் மாட்டுக்கு இடமில்லை. முன்னர் பெரும்போகத்தின் பொழுது பட்டியை மேற்கே சாய்ப்பர். அறுவடை முடிந்ததும் தாளடிக்கு மீட்பர். இப்பொழுது தாளடி சில வாரங்களே கிடைக்கின்றது. மேற்கிலோ கரும்பும் குடியேற்றமும் காட்டெல்லையும் குறுக்கிடுகின்றன. வட்டமடுவில் பட்டிக்காரருக்கும் வயற்காரருக்கும் காட்டு இலாகாவுக்கும் இடையே நெடுநாள் நீடித்த தகராற்றை நேயர்கள் அறிவர். சட்டித் தயிரின் விலை ஏறும்பொழுது கடைக்காரரைக் கடிந்துகொள்கிறோம். மாடு மேயும் இடம் சுருங்கியதையும் அக்கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

தீயைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அதனை முற்றாகத் தடுத்தால் ஆழ்மண் உள்ள இடங்களில் காடு மூடிப் புல் மறையும். ஆண்டுதோறும் எரியவிட்டாலோ இளங்கன்று வேரிலிருந்து தளிர்ப்பதும் கருகுவதுமாகவே நின்றுவிடும். முதிய கடுக்காய் மரம் சாய்ந்தால் அதனிடத்தில் நிற்க இன்னொன்று இராது. சரிவின் மண்ணும் மழையில் கரைந்து குளத்தை நிரப்பும். ஆண்டு மாறி, இடம் மாறி, அளவோடு எரிப்பதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகின்றது. அதற்கு அனுபவமுள்ள கண் வேண்டும். அது வேடரிடத்தும் முதிய பட்டிக்காரரிடத்தும் இருக்கின்றது.

புல்லை நம்பி வாழும் பேருயிர் யானை. அதன் வழிகளில் வயலும் வேலியும் எழுந்த பின்னர் அது கிழக்கே நம் ஊர்ப்பக்கம் இறங்குகின்றது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைப் பற்றி 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. சுற்றுவட்டாரத்து ஒன்பது கிராமங்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்திக்கைத் தின்று மடிந்தன என்று செய்தி வெளியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும், உணவு சுற்றிய தாள்களும், நீரும் இருந்தன. யானை வழமையாக உண்ணும் உணவு எதுவும் காணப்படவில்லை என்று அவற்றைப் பரிசோதித்த மிருக வைத்தியர் கூறினார்.