கடிகாரமும் பாடபேதமும்

ஐந்தருவிப் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பைக்கடிகாரம் என் பங்குக்கு வந்தது. பீங்கான் பூச்சு முகத்தில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா' என்ற எழுத்துகள். எட்டாம் எண்ணருகே மயிரிழைக் கீறல். சாரல் ஈரத்தில் மெயின் ஸ்பிரிங் துருப்பிடித்து ஓட்டம் நின்றிருந்தது. காட்டிய கடைகளிலெல்லாம் ஒரே பேச்சு: முகத்துக்குப் புது எழுத்து, மூடிக்கு உள்ளும் புறமும் பாலிஷ், "புத்தம் புதுசாக்கிடலாம் சார்".

இதற்குச் சீரமைப்பு என்று பெயராம்! பின்மூடியின் உட்புறத்தில், முன்பு பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த குறிகள் நான்கு உள்ளன. சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் வைக்கும் குறிப்புக்கு நிகரானவை அவை. ஒரு பாலிஷில் அத்தனையும் அழியும்.

இலக்கியத்திலும் இவ்வழக்கு உண்டு. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சிதைந்த இடங்களைச் சிதைந்தனவாகவே காட்டினார், பிரதிபேதங்களையும் தந்தார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யோ, கம்பனில் தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று நீக்கினார், சொற்களையும் திருத்தினார். இதைச் சொன்னால் எங்களூர்க்காரர்கள் சினப்பார்கள். சினக்கட்டும். அவர் ரசனைக்கு நானும் கடன்பட்டவனே. ஆனால் வேறு பதிப்புகள் இருப்பதால்தான் அவர் கைவைத்த இடங்கள் நமக்குத் தெரிகின்றன. கடிகாரத்துக்கு வேறு பிரதி ஏது?

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி எண்ணெய் விடச் செய்தேன். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் தாளில் மடித்து வாங்கி வந்தேன். கீறல் அப்படியே இருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது.