உங்கள் காத்திருப்பு 'ஐடில்' கணக்கா? ஆப் வேகத்தை அளப்பதில் ஒரு ஓட்டை!

ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளி சந்தை. ஆடு வாங்கியவர் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வியாபாரி கயிற்றை விடவில்லை. "பணம் ஏறட்டும்ணா" என்கிறார். 5 விநாடி போய்விட்டது. அந்த 5 விநாடி யார் கணக்கு?

ப்ரொஃபைலர்னா என்ன?

சாஃப்ட்வேரின் நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி. 'இப்போ என்ன பண்ணிட்டிருக்கே?' என்று புரோகிராமை விடாமல் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளும். மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைலர் வழக்கமாக 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்கிறது. அப்படியென்றால் 5 விநாடிக்கு 5,000 பதில்கள். இதை அப்படியே யாரும் படிக்க முடியாது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட், லேஅவுட், கிராபிக்ஸ், ஐடில், மற்றவை என்று வகை பிரிக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

'ஐடில்' என்றால் ப்ராசஸருக்கு வேலை இல்லை என்று அர்த்தம். போனை யாரும் தொடாதபோதும் அது ஐடில்தான். சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கும்போதும் ஐடில்தான். முதலாவதில் பேட்டரி மிச்சம். இரண்டாவதில் ஒருவர் சந்தையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இரண்டும் ஒரே பையில் போய் விழுகின்றன.

குரோமின் சுருக்கப் படத்தில் ஐடிலுக்கு வெள்ளை நிறம் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அதற்கு நிறமே கிடையாது. நெட்வொர்க் விவரம் தனி வரிசையில் இருக்கும். தேடிப் போனால்தான் தெரியும். பார்ப்பவர் கண் நிறம் உள்ள இடத்துக்குத்தான் போகும். டெவலப்பர் ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டைச் செதுக்குவார். வட்டம் சுற்றுவது மட்டும் குறையாது. மொபைல் ஆப்களை அளக்க வேறு கருவிகள் உண்டு. ஆனால் ப்ராசஸர் நேரத்தை மட்டும் அளந்தால் அங்கேயும் இதே கதைதான்.

தொழிற்சாலையில் எப்படி?

இதே போச்சம்பள்ளியில் சிப்காட் இருக்கிறது. ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு 'டவுன்டைம்' என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானின் செய்ச்சி நகாஜிமா வகுத்த 6 பெரிய இழப்புகளில், மெஷின் சும்மா ஓடுவதும் சின்னச் சின்னதாக நிற்பதும் ஒரு தனி வகை. அங்கே சும்மா இருக்கும் நேரம் நஷ்டக் கணக்கு. சாஃப்ட்வேரில் அதுவே வெற்றிடம்.

என்ன செய்யலாம்?

வகைகள் கூடினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் இங்கே கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு வகை. ஐடிலை 'வேலை இல்லை', 'பதிலுக்குக் காத்திருப்பு' என்று இரண்டாகப் பிரித்தால் போதும். காத்திருக்கும் நேரத்தைத் தனியாக ஆராயும் 'ஆஃப்-சிபியூ' முறையை பிரெண்டன் கிரெக் போன்ற பொறியாளர்கள் ஏற்கெனவே விளக்கியிருக்கிறார்கள். அதை யாரோ சில நிபுணர்கள் மட்டும் திறந்து பார்க்கும் தனிக் கருவியாக விட்டுவைக்காமல், ப்ரொஃபைலரின் முதல் திரைக்கே கொண்டுவர வேண்டும். அதுவும் பளிச்சென்று ஒரு சிவப்பு நிறத்தில்.

எந்த வேலையை முதலில் கையில் எடுப்பது என்பதை அந்தத் திரையைப் பார்த்துத்தான் டீம் முடிவு செய்கிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் 5 விநாடியும் அதில் தெரியட்டும்.