குற்றால மேகம் மறைத்தாலும் வியாழன் பேசும்!

சாரல் சீசனில் குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும், ராத்திரியில் நட்சத்திரம் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால், ரேடியோ அலைகளுக்கு மேகம் ஒரு தடையே இல்லை. வியாழன் கோளின் 'சத்தத்தை' தென்காசி மொட்டை மாடியில் இருந்தே பிடிக்கலாம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

1955-ல் அமெரிக்காவின் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் இதைத் தற்செயலாகப் பிடித்தார்கள். வியாழனின் நிலவான அயோ, அந்தக் கோளின் வலுவான காந்தப்புலத்துக்குள் ஓடுவது டைனமோ சுற்றுவது மாதிரி. மின்னோட்டம் பிறக்கிறது. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டபடி துருவங்களை நோக்கிப் பாய்கின்றன. சில வளிமண்டலத்தில் விழுந்து மறைய, மீதி மேலே திரும்புகின்றன. திரும்பும் கூட்டத்தில் உள்ள இந்தச் சமமின்மைதான் சின்ன அலையைப் பெரிய அலையாக்குகிறது. இதன் பெயர் 'சைக்ளோட்ரான் மேசர்'.

கணக்கும் எளிது. 1 காஸ் காந்தப்புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ். துருவத்தின் அருகே சுமார் 14 காஸ். பெருக்கினால் 39. வியாழனின் இந்த அலைகள் சுமார் 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவது இதனால்தான். ஒரு ரேடியோவை வைத்து இன்னொரு கோளின் காந்தத்தையே அளந்துவிடலாம்!

சனி, யுரேனஸ், நெப்டியூன்கூட இப்படிப் பேசுகின்றன. ஆனால், அவற்றின் அதிர்வெண் மிகக் குறைவு. பூமியின் அயனிமண்டலம் தடுத்துவிடுகிறது. விண்கலம் போனால்தான் கேட்கும். தரைக்கு வந்து சேர்வது வியாழனின் குரல் மட்டுமே.

பள்ளிக்கு ஏன் வேண்டும்?

தேவை, 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் ஒரு ரிசீவரும் சுமார் 7 மீட்டர் கம்பி ஆன்டெனாவும்தான். நாசாவின் 'ரேடியோ ஜோவ்' திட்டம் மாணவர்களை இப்படித்தான் கேட்க வைக்கிறது. பக்கத்திலேயே, திருநெல்வேலி கிருஷ்ணபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. வழிகாட்ட ஆள் தேடி சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

'இதுக்கு மார்க் உண்டா?' என்ற கேள்வி வரும். இல்லை. தினமும் சத்தம் கேட்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இடி மின்னலும், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரும், எல்இடி பல்பும் குறுக்கே இரையும். ஆனால், எது இரைச்சல், எது சிக்னல் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதானே அறிவியல்? பிளஸ் 2 புத்தகத்தில் காந்தப்புலத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதை ஒரு ராத்திரியாவது காதால் கேட்கட்டும். தென்காசி மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளி தொடங்கினால் போதும், மற்றவை தானாகப் பின்தொடரும்.